பினாங்கில் கோப்பிக் கடை திறக்க: எந்தத் தாளை எப்போது வாங்குவது

சென்ற ஆண்டு ஜார்ஜ்டவுனில், லிட்டில் இந்தியாவுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு சின்ன ஃபில்டர் கோப்பிக் கடை திறந்தேன். சாவி கைக்கு வந்த நாளிலிருந்து முதல் டபரா மேசைக்குப் போன நாள் வரை நாலரை மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் பூட்டிய கடைக்கு வாடகை கட்டினேன். தேவையான தாள்கள் எல்லாமே கடைசியில் கிடைத்தன. நான் அவற்றை வாங்கப் போன வரிசைதான் தப்பு. அந்த வரிசையை இங்கே நேராக்கி எழுதுகிறேன். கட்டணங்களில் சட்டத்தில் உள்ளதைச் சட்டத்தில் உள்ளதாகவும், நான் கட்டியதை நான் கட்டியதாகவும் பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

1. கடையா, அங்காடியா? தீவா, பெருநிலமா?

இந்த இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் எந்த அலுவலகத்துக்கும் போகாதீர்கள். கூரையும் சுவரும் உள்ள கடைக்கு உணவு வளாக லைசென்ஸ். தள்ளுவண்டிக்கும் சாலையோர ஸ்டாலுக்கும் அங்காடி லைசென்ஸ், அதாவது லெசென் பென்ஜாஜா. இரண்டுக்கும் படிவம் வேறு, நிபந்தனை வேறு. நான் கடைக்காரன் என்பதால் கடையைப் பற்றித்தான் நிறைய சொல்லப் போகிறேன். வண்டிக்காரர்கள் 3, 6 ஆகியவற்றைப் படித்துவிட்டு நேராக 8-க்குப் போகலாம்.

தீவில் என்றால் பினாங்கு மாநகர் மன்றம், எம்.பி.பி.பி. பட்டர்வொர்த், பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் என்றால் செபராங் பிறை மாநகர் மன்றம், எம்.பி.எஸ்.பி. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் நண்பரின் படிவத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்க் கொடுத்தால் திருப்பி அனுப்புவார்கள்.

2. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்

என் பணம் போனது இந்த இடத்தில்தான். கடை நல்ல கடை. முன்னால் ஆள் நடமாட்டம், பின்னால் ஒரு சந்து, வாடகையும் கட்டுப்படியானது. ஏஜெண்ட் 'நாளைக்கு இன்னொருத்தர் பார்க்க வருகிறார்' என்றார். அன்று மாலையே முன்பணம் கொடுத்துவிட்டேன். அந்தக் கடையில் முன்பு துணி வியாபாரம் நடந்தது, உணவுக் கடை நடந்ததே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. துணிக் கடைக்கு எண்ணெய்ப் பொறி (கழிவு நீரில் கொழுப்பைப் பிடித்து வைக்கும் பெட்டி) வேண்டாம், சமையலறை வடிகால் வேண்டாம், கை கழுவத் தனித் தொட்டி வேண்டாம். எனக்கு மூன்றும் வேண்டும்.

ஆகவே முன்பணம் கொடுக்கும் முன் உரிமையாளரிடம் மூன்று தாள் கேளுங்கள்: கடைசியாகக் கட்டிய மதிப்பீட்டு வரி ரசீது, கட்டடம் எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்டது என்பதற்கான ஆவணம், முந்தைய வாடகைக்காரரின் லைசென்ஸ் நகல். உரிமையாளர் வரி பாக்கி வைத்திருந்தால் உங்கள் மனு அங்கேயே நிற்கும். எனக்கு நின்றது. அவருடைய பாக்கியை அவர் கட்டி முடிக்க நான் மூன்று வாரம் போன் போட்டுக்கொண்டிருந்தேன். முந்தைய வாடகைக்காரர் உணவுக் கடை நடத்தியிருந்தால் உங்கள் வேலையில் பாதி முடிந்த மாதிரி.

பிறகு முகவரியை எடுத்துக்கொண்டு, எம்.பி.பி.பி. அலுவலகம் இருக்கும் கொம்தாருக்குப் போய், 'இந்த இடத்தில் உணவுக் கடை வைக்கலாமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். பதில் எழுத்தில் வராது. ஆனால் கவுண்டரில் இருப்பவர் 'அந்த வரிசையிலா?' என்று புருவத்தைத் தூக்கினால் அதுவே போதும்.

கடை பழைய நகரத்தில் இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: அது பாரம்பரிய மண்டலத்துக்குள் வருகிறதா? 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுன் பகுதி சுமார் 259 ஹெக்டர். அதில் நடு மண்டலம் 109 ஹெக்டர், மீதி அதைச் சுற்றிய காப்பு மண்டலம். லெபோ பாசார், லெபோ குயின் எல்லாம் உள்ளேதான். 2016-இல் அரசிதழில் வந்த சிறப்புப் பகுதித் திட்டம் இந்தக் கட்டடங்களை வகை பிரித்து வைத்திருக்கிறது. முதல் வகை, இரண்டாம் வகைக் கட்டடம் என்றால் முகப்பு, ஜன்னல், கூரை ஓடு, நடுமுற்றம், கடை முன்னால் கூரையோடு இருக்கும் ஐந்தடி நடைபாதை எதையும் உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. உள்ளே ஒரு சுவரை இடிக்கவும் வரைபடத்தோடு அனுமதி கேட்க வேண்டும். வரைபடத்துக்குக் கட்டடக் கலைஞர், அவருக்குக் கட்டணம், அனுமதிக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. முடிந்தவரை ஒன்றையும் இடிக்காமல் பிழைக்கக்கூடிய கடையைத் தேடுங்கள். பழைய ஓடும் பழைய தரையும் வாடிக்கையாளருக்கும் பிடிக்கும், செலவும் இல்லை.

மின்சாரத்தையும் இப்போதே பாருங்கள். பழைய கடைவீடுகளில் பெரும்பாலும் ஒற்றை ஃபேஸ் இணைப்புதான். இரண்டு குரூப் எஸ்பிரெசோ மெஷின் ஒன்றே மூன்று, நான்கு கிலோவாட் இழுக்கும். அதோடு ஃப்ரிட்ஜ், ஏர்கோன், தண்ணீர் பாய்லர் சேர்ந்தால் ஃபியூஸ் தாங்காது. மூன்று ஃபேஸுக்கு மாற்ற வேண்டுமானால் பதிவு பெற்ற மின் ஒப்பந்ததாரர் வழியாக மின்சார நிறுவனமான தெனாகாவுக்கு மனு போட வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். நானோ டிகாக்‌ஷன் இறக்கும் ஆள். மெஷின் வாங்காததால் தப்பித்தேன்.

பணக் கணக்கு இப்படி: வழக்கமாகக் கேட்பது இரண்டு மாத வாடகை வைப்பு, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம், முதல் மாத வாடகை முன்கூட்டியே. 3,000 ரிங்கிட் வாடகைக் கடைக்குச் சாவி வாங்கும் அன்றே 10,500 ரிங்கிட் கையில் வேண்டும். ஒப்பந்தத்தை 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் முத்திரையிட வேண்டும். கவுண்டரில் முத்திரையிட்ட ஒப்பந்தம்தான் கேட்பார்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் மறுக்கப்பட்டால் வைப்புத் தொகை திரும்ப வர வேண்டும். சீரமைப்புக்கு ஒரு மாதமாவது வாடகை இல்லாமல் தர வேண்டும். நான் கேட்கவில்லை. என் பக்கத்துக் கடைக்காரர் கேட்டார், அவருக்குக் கிடைத்தது.

3. எஸ்.எஸ்.எம். பதிவு

இது சுலபம். எஸ்.எஸ்.எம். என்பது வியாபாரங்களைப் பதியும் மலேசிய நிறுவன ஆணையம். அதன் எஸ்பிஸ் இணையத் தளத்தில் உட்கார்ந்த இடத்திலேயே முடிக்கலாம். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயர் என்றால் 60 ரிங்கிட். ஒரே தடவையில் 5 ஆண்டு வரை கட்டலாம். சட்டப்படி வியாபாரம் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்தால் போதும். ஆனால் மாநகர் மன்றம் மனுவோடு இதைக் கேட்பதால் முதலிலேயே பதிந்துவிடுங்கள். வியாபார விவரத்தில் 'உணவு, பானம் விற்பனை' என்று தெளிவாக எழுதுங்கள். 'பொது வர்த்தகம்' என்று மட்டும் எழுதிய ஒருவரைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தேன்.

தனிநபர் பதிவு குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மட்டும்தான். தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்து, மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) இல்லாமல், உறவுக்காரர் பெயரில் பதிந்து நடத்தலாம் என்று யாராவது ஆலோசனை சொன்னால் கேட்காதீர்கள். நாளை சண்டை வந்தால் கடை அவருடையது. முறையான வழி செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் வரையறுக்கப்பட்ட நிறுவனம். அதில் வெளிநாட்டுப் பங்குக்குத் தனி அனுமதியும் பெரிய மூலதனமும் வேண்டும். அதற்கு ஒரு நிறுவனச் செயலாளரைப் பிடியுங்கள். இந்தக் கட்டுரை அதற்குப் போதாது.

4. லைசென்ஸ் மனு

என்னிடம் கேட்டவை: மைகார்டு நகல், பாஸ்போர்ட் அளவுப் படம், எஸ்.எஸ்.எம். பதிவு, முத்திரையிட்ட வாடகை ஒப்பந்தம், மதிப்பீட்டு வரி ரசீது, கடையின் முன்பக்கமும் உள்பக்கமும் எடுத்த படங்கள், மேசை, அடுப்பு, தொட்டி, கழிவறை எங்கே என்று காட்டும் தரைப்படம், பெயர்ப்பலகையின் வண்ண வரைவு, ஊழியர்களின் டைபாய்டு ஊசி அட்டை, உணவு கையாளுவோர் வகுப்புச் சான்றிதழ். எல்லாவற்றிலும் மூன்று நகல் எடுத்துவையுங்கள். எதற்கு மூன்று என்று கேட்காதீர்கள். தீயணைப்புப் படைக்கு ஒன்று, சுகாதாரப் பிரிவுக்கு ஒன்று, காணாமல் போவதற்கு ஒன்று.

மனு உள்ளே போனதும் அது பல கைகளுக்குப் போகும்: கட்டடப் பிரிவு, சுகாதாரப் பிரிவு, தீயணைப்புப் படை. ஒருவர் 'சரி' சொல்லாவிட்டாலும் கோப்பு நகராது. வாரம் ஒரு முறை போய், எந்த மேசையில் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். அடிக்கடி போனால் எரிச்சலாவார்கள், போகாமலே இருந்தால் மறந்துவிடுவார்கள்.

'ரன்னர்' என்று ஒருவர் வருவார். ஆயிரம் ரிங்கிட்டுக்கு எல்லாவற்றையும் முடித்துத் தருகிறேன் என்பார். படிவம் நிரப்பி, வரிசையில் நின்று கொடுப்பதற்குக் கூலி வாங்கும் நேர்மையான ரன்னர்களும் உண்டு, அதில் தப்பில்லை. 'உள்ளே ஆள் இருக்கிறது' என்று சொல்பவரை மட்டும் வாசலோடு அனுப்புங்கள். எனக்கு வந்தவர் 400 ரிங்கிட் முன்பணம் வாங்கினார், அதோடு சரி.

லைசென்ஸ் இல்லாமல் 'சும்மா சாஃப்ட் ஓப்பனிங்' வேண்டாம். உள்ளாட்சிச் சட்டம் 1976-இன் 107-ஆம் பிரிவை ஒரு தடவை படித்துப் பாருங்கள். கொடுத்த லைசென்ஸைக் காரணம் சொல்லாமலே ரத்து செய்யும் அதிகாரம் மன்றத்துக்கு உண்டு. கொடுக்கும் முன்பே அவர்களோடு உரசிக்கொள்ள எந்தத் தேவையும் இல்லை.

5. பெயர்ப்பலகை

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பலகைக்கும் அனுமதி வேண்டும், அளவுக்கு ஏற்ற கட்டணமும் உண்டு. பலகையில் மலாய் எழுத்துதான் பெரிதாக, எடுப்பாக இருக்க வேண்டும். மற்ற மொழி அதற்கு அடங்கித்தான் இருக்க வேண்டும். வாசகத்துக்கு மலாய் மொழிக்கான அரசு அமைப்பான டேவான் பஹாசாவின் ஒப்புதல் வாங்க வேண்டும்.

நானோ தமிழில் அழகாக ஒரு கையெழுத்துக் கலைஞரை எழுத வைத்து, மலாயில் 'கெடாய் கோப்பி' என்று கீழே மூலையில் சின்னதாகப் போட்டு, எஃகு எழுத்துகளை வெட்டியும் முடித்துவிட்டேன். 1,800 ரிங்கிட். திரும்பி வந்தது. இப்போது அந்தத் தமிழ்ப் பெயர் கடைக்கு உள்ளே, சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன் நின்றுதான் படம் எடுக்கிறார்கள். வெளியே ஒப்புதல் வாங்கிய பலகை. பாரம்பரிய மண்டலத்தில் பலகையின் அளவு, மாட்டும் இடம், விளக்கு எல்லாவற்றுக்கும் கூடுதல் கட்டுப்பாடு உண்டு. முகப்புச் சுவரில் ஆணி அடிக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

'ஹலால்' என்ற சொல்லைச் சான்றிதழ் இல்லாமல் பலகையிலோ மெனுவிலோ எங்கேயும் போடாதீர்கள். 'முஸ்லிம் உணவு' என்று சுற்றி வளைத்தும் போடக் கூடாது. சைவக் கடைதானே என்ற வாதம் அங்கே எடுபடாது.

6. ஊசியும் வகுப்பும்

சமைப்பவர், தண்ணீர் (பானம்) கலக்குபவர், பரிமாறுபவர் என்று உணவைத் தொடும் எல்லாருக்கும் டைபாய்டு ஊசி கட்டாயம். முதலாளி என்று நீங்கள் ஒதுங்க முடியாது. மூன்று ஆண்டுக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். நான் போன தனியார் கிளினிக்கில் ஆளுக்கு 80 ரிங்கிட் ஆனது. ஊசி போடாமலே அட்டை மட்டும் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள், பிடிபட்டால் அது போலி ஆவண வழக்கு.

உணவு கையாளுவோர் வகுப்பு மூன்று மணி நேரம்தான். சுகாதார அமைச்சு அங்கீகரித்த பயிற்சி மையத்தில் மட்டும் படியுங்கள். கட்டணம் 50 ரிங்கிட். உணவுத் தூய்மை விதிகள் 2009-இன்படி ஊசியும் வகுப்பும் இல்லாமல் ஆளை வேலைக்கு வைத்தால் அபராதம் 10,000 ரிங்கிட் வரை போகலாம். வகுப்பில் சொல்வதை அசட்டையாக விடாதீர்கள், பார்வையிட வருகிறவர் அதையேதான் கேட்பார். சூடான உணவு 60 டிகிரிக்கு மேல், குளிர்ந்தது 4 டிகிரிக்குக் கீழ். பால் ஃப்ரிட்ஜுக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள். மோதிரம், வளையல் கழற்ற வேண்டும். தைப்பூசத்துக்குக் கட்டிய மஞ்சள் கயிறு பற்றி என் அக்கா பயிற்றுநரோடு பத்து நிமிடம் வாதாடினார். கடைசியில் கயிறு கையிலிருந்து கழுத்துக்குப் போனது, சட்டைக்கு உள்ளே.

அதே விதிகளின் கீழ்க் கடையைச் சுகாதார அமைச்சின் ஃபோசிம் தளத்திலும் பதிய வேண்டும். மாநகர் மன்றத்தில் பதிந்தாயிற்றே என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

7. பார்வையிட வரும் நாளுக்கு முன்

கை கழுவும் தொட்டி, பாத்திரம் கழுவும் தொட்டி இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். கை கழுவும் இடத்தில் சோப்பு. கழிவு நீர்க் குழாயில் எண்ணெய்ப் பொறி. கோப்பிக் கடைக்கு எதற்கு என்று நானும் கேட்டேன். பால் கொழுப்பும் அடைக்கும் என்றார் அதிகாரி. ஒரு மாதம் கழித்துப் பொறியைத் திறந்து பார்த்தபோது அவர் சொன்னது சரி என்று தெரிந்தது. ஏ.பி.சி. வகைத் தீயணைப்புக் கருவி, தேதி காலாவதியாகாமல். மூடியுள்ள குப்பைத் தொட்டி. விலைப் பட்டியல், வாடிக்கையாளர் பார்வையில். புகைக்கத் தடை அறிவிப்பு: உணவுக் கடைகளில் 2019 முதலே தடை, கடையைச் சுற்றி 3 மீட்டருக்குள்ளும் கூடாது.

ஐந்தடி நடைபாதையில் மேசை போடுவது வேறு அனுமதி. அது இல்லாமல் இரண்டு முக்காலி வெளியே போட்டாலும் சம்மன் வரும், முக்காலியும் லாரியில் ஏறும். எதிர்க் கடையில் போட்டிருக்கிறார்களே என்று பார்த்துப் போடாதீர்கள். அவர்களிடம் அனுமதி இருக்கலாம், இல்லை லாரி இன்னும் வரவில்லை என்றும் இருக்கலாம்.

பாட்டுப் போட வேண்டுமென்றால் அதற்கும் பதிப்புரிமை உரிமம் வாங்க வேண்டும். காலையில் ஒரு சுப்ரபாதம்தானே என்றாலும் ஒலிப்பதிவுக்கு உரிமையாளர் உண்டு. கோப்பித் தூளை நிறுத்து விற்கப் போகிறீர்கள் என்றால் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும், பாக்கெட் லேபிள் மலாயில் இருக்க வேண்டும்.

8. தள்ளுவண்டிக்காரர்களுக்கு

அங்காடி லைசென்ஸ் குடிமக்களுக்குத்தான். உங்கள் பெயரில் வாங்கினால் நீங்கள்தான் நிற்க வேண்டும். வாடகைக்கு விடக் கூடாது, அடுத்தவருடைய லைசென்ஸை வாடகைக்கு எடுக்கவும் கூடாது. மாதம் இவ்வளவு கொடு, என் லைசென்ஸில் நின்றுகொள் என்பார்கள். அமலாக்க அதிகாரி வந்து மைகார்டு கேட்கும் அன்று உங்கள் வண்டிதான் போகும். அங்காடிக் கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கப் பினாங்கில் தடை இருக்கிறது, ஆள் வைக்கும்போது அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இடம்தான் பெரிய தலைவலி. சாலையோரத்தில் புதிதாக ஓர் இடம் கேட்பதைவிட, மன்றத்தின் அங்காடி வளாகங்களில் காலியான ஸ்டால் இருக்கிறதா என்று விசாரிப்பது நல்லது. இங்கே ஒரு பொறி: பானம் விற்கும் ஸ்டாலைத் தனியாகத்தான் விடுவார்கள். நீங்கள் எடுத்தது உணவு ஸ்டால் என்றால் கோப்பி விற்க முடியாது.

சீனர் கோப்பிக் கடைகளிலும் இதே கதைதான். தண்ணீர் வியாபாரம், அதாவது பானங்கள், தவுக்கே எனப்படும் கடை முதலாளியுடையது. மற்ற ஸ்டால்காரர்கள் மீ (நூடுல்ஸ்), நாசி (சோறு), ரொட்டி மட்டும்தான் விற்கலாம். என் நண்பர் ஒருவர் நல்ல பித்தளை பாய்லரோடு ஒரு கோப்பிக் கடையில் ஸ்டால் எடுத்து, முதல் நாள் டிகாக்‌ஷன் இறக்கினார். தவுக்கே ஓடி வந்து, 'தம்பி, நீ கோப்பி வித்தா நான் என்ன விக்கிறது?' என்று தமிழிலேயே கேட்டாராம். இப்போது நண்பர் அங்கே இட்லி விற்கிறார். நன்றாகத்தான் போகிறது.

வேனை மாற்றி ஃபுட் டிரக் ஆக்குவதென்றால், வெட்டும் முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜே.பி.ஜே.-யிடம் மாற்றத்துக்கு அனுமதி வாங்குங்கள். வெட்டி, அடுப்பு பொருத்திய பிறகு போனால் பழையபடி ஆக்கச் சொல்லலாம்.

9. ஆள் வைத்தால்

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் முதல் ஓர் ஆள் வைத்திருக்கும் கடைக்கும் அதுதான். 5,000 ரிங்கிட் வரை சம்பளம் வாங்கும் உள்ளூர் ஊழியருக்கு உங்கள் பங்காக 13 விழுக்காடு இ.பி.எஃப். (சேமநிதி), அதோடு சொக்சோ (சமூகப் பாதுகாப்புச் சந்தா). ஆக, 1,700 என்று நினைத்த ஆளுக்கு 1,900-க்கு மேல் ஒதுக்குங்கள். சேவை வரியை நினைத்துப் பயப்பட வேண்டாம், உணவுக் கடைக்கு 12 மாத விற்பனை 15 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே.

10. காலமும் செலவும்

என் கணக்கை அப்படியே தருகிறேன். அரசாங்கத்துக்குக் கட்டியது எல்லாம் சேர்த்து ஆயிரத்துச் சொச்சம்தான். மிச்சமெல்லாம் நானாக இழந்தது: பூட்டிய கடைக்கு 9,000, திரும்பி வந்த பலகை 1,800, ரன்னர் 400.

இன்று மறுபடி தொடங்கினால் இப்படிச் செய்வேன். முதல் இரண்டு வாரம் கடை தேடுவது, கொம்தாரில் விசாரிப்பது, அதே சமயம் ஊசியும் வகுப்பும். மூன்றாம் வாரம் எஸ்.எஸ்.எம். பதிவு, பலகை வாசகத்தை டேவான் பஹாசாவுக்கு அனுப்புவது. வாசகத்துக்கு ஒப்புதல் கைக்கு வந்த பிறகு வாடகை ஒப்பந்தம், மறுநாளே மனு. மனு மேசை மேசையாக நகரும் நேரத்தில் தொட்டி, பொறி, பெயின்ட். இரண்டரை மாதத்தில் கதவு திறக்கலாம். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளியை ஒட்டி மனு போட்டால் இன்னும் சில வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். ஜூலை 7 பினாங்கில் விடுமுறை என்பது கோலாலம்பூரிலிருந்து வருகிறவர்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, அன்று காலை மழையில் நனைந்துகொண்டு போய்ப் பூட்டிய கவுண்டரைப் பார்த்துவிட்டு வந்தேன்.

லைசென்ஸ் கைக்கு வந்ததும் கடையில் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள், அது சட்டம். என் கடையில் கல்லாவுக்குப் பின்னால், பிள்ளையார் படத்துக்குக் கீழே வரிசையாக மாட்டியிருக்கிறேன்: லைசென்ஸ், எஸ்.எஸ்.எம். பதிவு, வகுப்புச் சான்றிதழ்கள். தீயணைப்புக் கருவிக்கு ஓராண்டு, ஊசிக்கு மூன்றாண்டு என்று ஒவ்வொன்றின் காலாவதித் தேதியையும் பக்கத்தில் தொங்கும் நாள்காட்டியில் ஒரு மாதம் முன்கூட்டியே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.